ஓட்டுத் தையல்

வலது முழங்கைதான் முதலில் தேயும். தவழ்கிறவனுடைய பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும், அதற்கப்புறம் வலது தோள், துப்பாக்கிக் கட்டை இடிக்கிற இடம், அப்புறம் வயிறு, அப்புறம் மணிக்கட்டுப் பட்டி. காலையிலிருந்து இந்த வரிசையில்தான் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கை தானாகப் போகிறது, மனசுதான் போக மாட்டேனென்கிறது, பெஞ்சு மேல் இருக்கிற அந்தத் துணிப்பையையே சுற்றிச் சுற்றி வருகிறது. எட்டாம் வகுப்பு ஆ பிரிவு என்று கதவில் எழுதியிருக்கிறது. பெஞ்சுகளை மூலையில் அடுக்கி நடுவில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அண்டா நிறைய டீத்தூள் டிகாஷன், செங்கல் பொடி, கம்பி பிரஷ், வீட்டுக் குளியலறையிலிருந்து என் பெண்டாட்டி கனகாவைக் கேட்காமல் எடுத்து வந்த கால் தேய்க்கிற கல். புதுக் கம்பளித் துணியை டிகாஷனில் முக்கிப் பிழிந்து வெயிலில் போட்டு, கல்லால் தேய்த்து, செங்கல் பொடியைத் தூவித் தட்டினால் நாலு வருஷம் போட்டு உழைத்த துணி ஆகிவிடும். நாற்பது வருஷத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. குடியாத்தத்தில் எந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவானாலும் ராஜாவும் போலீசும் பிச்சைக்காரனும் என் கடையிலிருந்துதான் புறப்பட்டுப் போக வேண்டும். ராஜா சுலபம், ஜிகினா ஒட்டினால் ராஜா. பிச்சைக்காரன்தான் கஷ்டம். கத்தரியால் வெட்டினால் வெட்டினது மாதிரியேதான் இருக்கும், கிழிசல் என்பது தானாக வந்த மாதிரி வர வேண்டும், அந்த ஆள் எப்படி உட்காருவான், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பான், எந்தக் கையை ஊன்றி எழுந்திருப்பான் என்று யோசித்துத் தேய்க்க வேண்டும். இதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன். பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆடி மாதத்துக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியைக் கொண்டுவந்து கொட்டுகிறது, கம்பளி இழை கழுத்து வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. வெளியே பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள பாறைக் குன்றின் மேல் கல்லூரிப் பையன்கள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் பனி.

குளிரென்றால் என்னவென்றே தெரியாத ஊரில் குளிருக்குத் துணி தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. வடக்கே மலையில் சண்டை நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, முன்னாள் ராணுவத்தினர் சங்கம் அதை அப்படியே நடித்துக் காட்டப் போகிறது, தலைமை சுபேதார் முனிரத்தினம். அவருக்கு எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருக்க வேண்டும். வேலூரில் போய் ஜிப் வைத்த கோட்டு ஒரு கட்டு வாங்கி வந்தேன், தூக்கிப் பார்த்துவிட்டு, அப்போது ஏது ஜிப், பட்டன்தானே என்றார். எல்லா ஜிப்பையும் பிரித்துப் பட்டன் வைத்தேன். இப்போது வருகிற கட்டம் கட்டமான சாயத் துணி கூடாது, பழைய பச்சைதான் வேண்டும் என்றார், அதற்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரண்டு வாரம் அலைந்தேன். போர்வைக்குத்தான் பெரிய பாடு. பழுப்புப் போர்வையைக் காட்டினால் ரயிலில் போகிறோமா என்கிறார், குறும்பர் நெய்கிற கறுப்புக் கம்பளியைக் காட்டினால் ஆடு மேய்க்கப் போகிறோமா என்கிறார். சாம்பல் நிறத்தில் ஓரத்தில் கோடு ஓடுகிற அந்தப் பழைய பட்டாளத்துப் போர்வைதான் வேண்டுமாம். அதைத் தேடிக்கொண்டு பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் கன்றுக்குட்டி மேல் கிடந்தது, ஒரு வீட்டில் மாம்பழத்தைப் பழுக்கப் போட்டு மூடியிருந்தார்கள், மிச்சமெல்லாம் இஸ்திரிக்காரர்களின் மேசை மேல். அப்புறம்தான் என் கடை இஸ்திரி மேசைத் துணியை விலக்கிப் பார்த்தேன், அடியில் அதே சாம்பல் போர்வை. பட்டாளத்திலிருந்து என் பிள்ளை குணா முதல் தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்து போட்டது, இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய ஓட்டைகளோடு இத்தனை வருஷமாக என் கைக்கடியிலேயே கிடந்திருக்கிறது. முனிரத்தினம் அதை விரித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் பரவாயில்லை, குண்டு பட்டதென்று வைத்துக்கொள்ளலாம் என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோமென்று அவருக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது, ஆனால் அவர் மேல் இல்லை.

இந்தப் பக்கத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயரை ஒவ்வொரு பையனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். என் மகன் குணசீலனாக நடிக்கப் போகிறவன் யுகேந்திரன், பி.காம். மூன்றாம் வருஷம். அளவு எடுக்க வந்தபோது மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன், அவனுக்கு இதயம் துடிப்பது டேப்பில் தெரிந்தது, சட்டென்று எடுத்துவிட்டேன், இரண்டாம் தடவை போட வேண்டியதாயிற்று. அவனுக்கு ஒரு ஸ்வெட்டர்தான் குறைந்தது. வாங்கி வைத்திருந்தது கழுத்து மூடிய மாதிரி, அன்றைக்கு எல்லாரும் போட்டது வி கழுத்து. காலையில் இட்லி தின்றுகொண்டே இதைச் சும்மா சொன்னேன், வேலையைப் பற்றி ஏதாவது புலம்புவது வழக்கம்தானே. கனகா எழுந்து போய் கட்டிலுக்கடியிலிருந்து கறுப்புப் பெட்டியை இழுத்தாள். அந்தப் பெட்டி இழுபடுகிற சத்தம் எனக்கு வயிற்றில் கேட்கும். குணா போன பிறகு யூனிட்டிலிருந்து வந்த பெட்டி, அவன் பேரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதியது. மேலாக இருந்தது அவள் பின்னிய ஸ்வெட்டர். அதை இத்தனை வருஷமாக அவள் பிரிக்கவே விட்டதில்லை. அவன் மடித்த மடிப்பு அதில் இருக்கிறதாம், பிரித்தால் போய்விடுமாம். வருஷத்துக்கு ஒரு தரம் நாப்தலின் உருண்டையை மாற்றுவாள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்துத் தூக்கி, மறுபடி வைத்துவிடுவாள். இன்றைக்கு என்ன தோன்றியதோ, அதைத் துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "இத்தயே அந்தப் பையன் போட்டுக்கட்டும். நாலு மணிக்கு நானே வந்து போட்டு வுடறேன். நீங்க பிரிச்சி வைங்க, எனக்குப் பிரிக்க கை வராது" என்றாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே வந்து, "எங்கெங்க தேஞ்சிருக்குதுன்னு பாக்கணும்ங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த ஆசை.

சாப்பாட்டுக்குப் பையன்கள் போன பிறகுதான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பிரித்தேன். பிரிக்கிறதற்கு முன்பே தெரிந்துவிட்டது, தெரிந்ததைத் தெரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தில் மடித்தால் உருட்டுவார்கள், இல்லை சதுரமாக மடிப்பார்கள், குணா லீவில் வந்தபோது காட்டியிருக்கிறான். இது மூன்று மடிப்பு, கழுத்து மேலே தெரிகிற மாதிரி, நடுவில் விறைப்பாக நிற்பதற்குத் தமிழ்ப் பேப்பர் பாதியாக மடித்து வைத்தது. என் மடிப்பு. கடையில் தைத்து முடித்த சட்டையை நான் மடிக்கிற மடிப்பு. இத்தனை வருஷமாகக் கனகா கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தது என் மடிப்பை. பேப்பரை உருவினேன், பழுப்பேறிய தாள், துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது, ஜவுளிக்கடை விளம்பரம். அப்புறம் கையை விரிக்கப் போனேன், வரவில்லை. இரண்டு கையும் பின்பக்கத்தோடு வெள்ளை நூலில் பிடித்திருந்தது. கழுத்தும் அப்படியே, வி இழுபட்டு விரியாமலிருக்க நுனியை நுனியோடு சேர்த்து நாலு ஓட்டு. ஓட்டுத் தையல். பார்சலில் உருக்குலையக் கூடாதென்று நான் போட்டது. பின்னினது அவள், ஓட்டினது நான். கடைசி ஓட்டுக்கு முடிச்சுக்கூடப் போட மாட்டேன், இழுத்தால் உருவிக்கொண்டு வர வேண்டுமென்று. யாரும் இழுக்கவில்லை. தலையை நுழைத்திருந்தால் அறுந்திருக்கும், ஒரு கையை நுழைத்திருந்தால்கூட அறுந்திருக்கும். பார்சலைப் பிரித்தவர் யாரோ, கூட இருந்த பையனோ, சாமான் எடுத்து வைத்தவரோ, அப்படியே எடுத்துப் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறார், நல்ல மனசோடு, கலைக்காமல். என் பிள்ளை இதைப் போடவே இல்லை. தொட்டானா என்றுகூடத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், எட்டாம் வகுப்புப் பெஞ்சு, முட்டி இடித்தது.

அவனுக்கு ஓட்டு நூலைக் கண்டால் ஆகாது. தீபாவளிக்கு அவன் சட்டையைத்தான் கடைசியில் தைப்பேன், ஊர்ச் சட்டையெல்லாம் கொடுத்து முடித்து விடியற்காலை ஆகிவிடும், எண்ணெய் சொட்டச் சொட்ட வந்து நிற்பான், கத்தரி எடுக்கிறதற்குள் பல்லால் கடித்து நூலைப் பிய்த்துத் துப்பிவிட்டுப் போட்டுக்கொண்டு ஓடுவான். துணியைக் கடித்து ஓட்டை பண்ணிவிடப் போகிறாய் என்று கத்துவேன். கடைத் தரையெல்லாம் அவன் துப்பிய நூல். ஒரு தடவை என் மேசையில் ஏறி உட்கார்ந்து சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான், நேர்கோடு, நான் போடுவதைவிட நேராக, ஆனால் இந்தப் பக்கத்துக் கையால், இடது கையால், கத்தரி பிடிக்க மாட்டானே, எல்லாக் கத்தரியும் வலது கைக்குச் செய்ததாயிற்றே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கத்தரி பிடிக்கவே இல்லை. துணி வேண்டாம்பா, எனக்கு யூனிபாரம் வேணும் என்றான். அதுவும் துணிதானேடா என்றேன். சிரித்தான். சிரிக்கும்போது முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும், நூலைக் கடித்துக் கடித்து அப்படி ஆயிற்று என்று கனகா சொல்வாள், அதெல்லாம் ஒன்றுமில்லை, அவள் அப்பாவுக்கும் அப்படித்தான். பெட்டி வந்தபோது, மரப்பெட்டியைச் சொல்கிறேன், கறுப்புப் பெட்டிக்கு முன்னால் வந்தது, முகம் மட்டும் தெரிகிற மாதிரி திறந்தார்கள், வாய் மூடியிருந்தது, அந்தப் பல்லைப் பார்க்க முடியவில்லை. என்ன போட்டிருக்கிறான் என்று கழுத்துக்குக் கீழே பார்க்க நினைத்தேன். தையல்காரன் புத்தி, பிள்ளை கிடக்கிறான், நான் துணியைத் தேடுகிறேன். வெள்ளைத் துணியும் கொடியும்தான் இருந்தன. கூட வந்திருந்த பட்டாளத்துப் பையனிடம் கனகா, அங்கே குளிராப்பா என்று மட்டும் கேட்டாள். நல்ல துணியெல்லாம் கொடுத்திருந்தாங்கம்மா என்றான். பொய் சொல்கிற முகமில்லை. அவள் அதற்குத் தலையாட்டிவிட்டு, நான் பின்னினதும் இருந்துச்சே, அதுக்கு மேல அதுவும் இருந்துச்சே என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியுமென்றால் அவனே சொன்னான். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது, எதிர்வீட்டு ஆறுமுகம் வாத்தியார் வீட்டுக்குத்தான் வரும். மேலே போகிறோம், வெயில் காலத்திலும் பனியிருக்கிற இடமென்று சித்திரையில் சொன்னான். அன்றைக்கே பஸ் ஏறி வேலூர் போய்ப் பச்சை நூல்கண்டு வாங்கி வந்தாள், லீவில் அவன் விட்டுப் போயிருந்த பட்டாளத்து ஸ்வெட்டரை எதிரில் வைத்துக்கொண்டு, கழுத்து, பட்டி, தோளெல்லாம் அதே மாதிரி, இல்லாவிட்டால் போட விட மாட்டார்கள் என்று, கத்தரி வெயிலில், மின்விசிறிக் காற்றுகூட நெருப்பாக வீசுகிற நாளில், மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பின்னினாள். உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்கும், முந்தானையில் துடைத்துக்கொள்வாள். வேர்க்குரு தொடையெல்லாம். பார்சல் போட்டு எத்தனை நாளென்று எண்ணவில்லை, எதிர்வீட்டில் போன், ஓடினாள், நானும் போனேன். ஸ்வெட்டர் வந்துச்சாடா என்றுதான் முதலில் கேட்டாள், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. "வந்துட்ச்சிம்மா. அத்த போட்டுக்கினுதான் பேசறேன். கதகதன்னு இருக்குது. கைதான் ஒரு விரக்கடை நீளம்." இவள் அடுத்த தடவை சரி பண்ணித் தரேன் என்றாள். லைன் போய்விட்டது. அடுத்த தடவை இல்லை. எல்லாரும் பிள்ளை போனதற்கு அழுதார்கள், இவளும் அழுதாள், ஆனால் நடுவில் நடுவில், பட்டி சரிந்து விரலில் விழுந்திருக்கும், அந்த நேரத்தில் இடைஞ்சலாக இருந்திருக்கும், நான் அளவைப் பார்த்துப் பின்னியிருக்கலாம் என்பாள். இத்தனை வருஷமாக அந்த விரற்கடை அவளைப் படுத்துகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டேப்பை எடுத்து அளந்தேன். அவன் கையளவு எனக்கு மறக்காது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை நூல் பிசகவில்லை. ஒரு விரற்கடையும் இல்லை, அரை விரற்கடையும் இல்லை. அவன் கையிலேயே இல்லாத ஸ்வெட்டருக்கு, அம்மா நம்ப வேண்டுமென்று ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். எந்த இடத்தில் நின்று பேசினானோ, என்ன போட்டுக்கொண்டிருந்தானோ, பல் கிட்டிப்போகாமல் எப்படித்தான் பேசினானோ. மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஒருநாள் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள ஐஸ் பேக்டரிக்குப் போனேன். மீன் ஏற்றுகிறவர்கள் போகிற வழியில் உள்ளே நுழைந்து பாளம் அடுக்கியிருக்கிற அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். முதலில் காது, அப்புறம் விரல், அப்புறம் ஒன்றுமில்லாமல் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. ஒரு ஆள் வந்து, இன்னா பெர்சு, செத்துகித்து போய்டப் போறே என்று இழுத்து வெளியே விட்டான். வெயிலில் வந்து நின்றதும் தோலெல்லாம் எரிந்தது. கனகாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாதது அது ஒன்றுதான், இன்றைக்கு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. நாலு மணிக்கு வருவாள். வந்து இந்த நூலைப் பார்ப்பாள். அவளுக்கு அது என்ன நூலென்று சொல்ல வேண்டாம், நான் போடும்போது கம்பளி கசங்காமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்ததே அவள்தான், அவன் பல்லாலயே பிச்சிடுவான் பாருங்க என்று சிரித்ததும் அவள்தான். பார்த்ததும் தெரிந்துவிடும். அந்தக் கதகதப்பு பொய், அந்த விரற்கடை பொய், மலை மேல் அவன் கிடந்தபோது அவள் பின்னியது அவன் மேல் இல்லை. வயசு அறுபத்தாறு, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். யுகேந்திரனுக்குக் கழுத்து மூடியதே இருக்கட்டும், இதைப் பிரிக்கவில்லை, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் வை என்று சொல்லிவிடலாமா, ஆனால் தேய்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டாளே, அந்த முகம். காணாமல் போய்விட்டது என்று சொல்லலாமா, சீ. மணி என்ன என்று வெளியே எட்டிப் பார்த்தேன், குன்றின் நிழல் மைதானத்தில் பாதிக்கு வந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டேன். கத்தரியை எடுத்தேன், வைத்தேன். குனிந்து முதல் ஓட்டைப் பல்லால் கடித்தேன். நாப்தலின் கசந்தது. நூல் இற்றுப்போயிருந்தது, கடித்ததும் வந்துவிட்டது. மிச்ச ஓட்டுகளையும் உருவினேன், துப்ப மனசு வரவில்லை, எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் கை தானாகப் போயிற்று. டிகாஷனில் முழுக்க முக்கக் கூடாது, அது பள்ளிக்கூட நாடகத்துக்கு, பிள்ளையுடையதற்கு அது போதாது. துணியை நனைத்துக் கழுத்தில் மட்டும் ஒற்றினேன், அக்குளில் ஒற்றினேன், வியர்வை அங்கேதான் இறங்கும், மணிக்கட்டுப் பட்டியில் சாப்பிட்டுத் துடைத்த அழுக்கு. கல்லை எடுத்து வலது முழங்கையில் வைத்தேன். ஒரு நிமிஷம் வைத்தபடியே இருந்தேன். அவள் விரல் பட்டுப் பட்டு வந்த கண்ணிகள், ஒவ்வொன்றும் ஒரு அளவாக இருக்கிறது, அதைப் போய்த் தேய்க்கப் போகிறேன். தேய்த்தேன். இழை எழும்பியது, உருண்டை உருண்டையாகத் திரண்டது, பிய்த்துப் போட்டேன், மறுபடி தேய்த்தேன், கண்ணி மெலிந்து உள்ளே என் உள்ளங்கை தெரிகிற வரைக்கும். இது அவன் பாறை மேல் படுத்துக் காத்திருந்தது. இது அவன் மூட்டை தூக்கியது. வலது தோளில் தேய்த்தேன், வயிற்றில் தேய்த்தேன், செங்கல் பொடி தூவித் தட்டினேன். போடாவிட்டால் என்ன, நான் போட வைக்கிறேன். அவன் இருந்திருந்தால் எப்படித் தேயுமோ அப்படித் தேய்க்கிறேன், நாலு வருஷம், அஞ்சு வருஷம், சம்பளம் உயர்ந்து கல்யாணம் பண்ணி, பெண்டாட்டி இந்தப் பழசைத் தூக்கிப் போடேன் என்று சொல்கிற அளவுக்கு. கண்ணில் செங்கல் பொடி விழுந்துவிட்டது, அல்லது அப்படி வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக ஒரு வேலை செய்ததில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், எந்த மூலையிலும் குற்றம் சொல்ல முடியாது, பட்டாளத்துக்காரனே பார்த்தாலும் சண்டைக்குப் போய் வந்த துணி என்பான். கதவைத் தட்டினார்கள். அவள்தான், தட்டுவதிலேயே தெரியும்.

பிளாஸ்கில் டீயும் தூக்கில் கேசரியும் கொண்டுவந்திருந்தாள், அந்தப் பையனுக்காம். குணாவுக்குக் கேசரி பிடிக்கும். நல்ல புடவை கட்டியிருந்தாள். அண்டாவைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்து கையை நீட்டினாள், கொடுத்தேன். ஜன்னலண்டை கொண்டுபோய் விரித்தாள். கழுத்தை முகர்ந்தாள், டிகாஷன் வாசனை தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். தோளைத் தடவினாள். வலது முழங்கைக்கு வந்து மெலிந்த இடத்தில் இரண்டு விரலை உள்ளே விட்டு, விரல் தெரிகிறதைப் பார்த்தாள். "போட்டுக்கினு இருந்திருக்கான்" என்றாள். ஆமாம் என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் பட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன். மைக்கில் முனிரத்தினம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், பனியில் செருப்புக் கால் தடம் பட்டிருக்கிறதாம். அவள் இன்னொரு கையை எடுத்தாள். இடது கையை. முழங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அங்கே கண்ணி கண்ணியாக, அவள் பின்னி முடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே, புதுசாக. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் பார்க்கும்போதுதான் நானும் பார்த்தேன். அவள் திரும்பி அண்டாவைப் பார்த்தாள், செங்கல் பொடியைப் பார்த்தாள், பெஞ்சு மேலிருந்த கல்லைப் பார்த்தாள். "நம்ம வூட்டுக் கல்லு" என்றாள்.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெஞ்சில், ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு. "அவன் இடது கையாச்சேங்க" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை, மறந்துபோன சாமானை ஞாபகப்படுத்துகிற மாதிரி. "எத்த செஞ்சாலும் அந்தக் கைய ஊனிக்கினுதான் செய்வான். படிச்சாலும் அதுல சாஞ்சிக்கினுதான். சனிக்கெழம எண்ண தேச்சி ஊத்தறப்ப இந்தக் கல்லாலதான அந்த முழங்கைய தேப்பேன். கறுத்துக் காச்சிக் கெடக்குமே." எனக்கு எல்லாம் தெரிந்ததுதான். ஊர்ப் பிச்சைக்காரனெல்லாம் எந்தப் பக்கம் படுப்பான் என்று யோசிக்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாமலா. கை வரிசைப்படி போய்விட்டது. சட்டைப் பையில் கையை விட்டு அந்த வெள்ளை நூலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை விரலால் நீவிப் பார்த்தாள். முடிச்சில்லாத நுனியையும் பார்த்தாள். ஸ்வெட்டரின் கைப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"கை நீளமாங்க?"

"இல்ல கனகா. அளந்து பாத்தேன். சரியா இருக்குது."

தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டேன். வெளியே பையன்களை வரிசையில் நிற்கச் சொல்லி விசில் அடித்தார்கள். யுகேந்திரன் வாசலில் வந்து நின்று, தாத்தா, எனக்கு ஸ்வெட்டர் என்றான். கொஞ்சம் பொறுப்பா, இன்னும் முடியல என்று அவள்தான் சொன்னாள். நூலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அந்தக் கல்ல இப்டி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். இடது கைக்குள் தன் முஷ்டியை விட்டு முழங்கை இருக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். வலிக்குதும்மா என்று அவன் கத்துவானே, அதற்காக மெதுவாகத்தான் தேய்த்தாள்.